மேலாளர் காரில் கொஞ்சம் வியர்வை

போன மாதம் பழைய கம்பெனியிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களிடம் ஓய்வு பெற்றவர்கள் நாலைந்து பேர் அனுபவம் பேச வேண்டுமாம், ஆளுக்குப் பத்து நிமிடம். நான் எழுந்து வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் இரண்டாவது வரிசையில் இருந்த ஒரு பெண், "சார், நாம செய்யற ராக்கை நீங்க எப்பவாச்சும் கார்ல மாட்டியிருக்கீங்களா?" என்று கேட்டார். ஒரே ஒரு தடவை மாட்டியிருக்கிறேன் என்றேன். அதைச் சொல்லுங்கள் என்றார். கதையில் சோதனைச் சாவடி வரைக்கும் வந்திருப்பேன், சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. அந்தப் பெண்ணுக்காக முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

நான் சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஓசூருக்கு வந்தேன். லேத்தில் மூன்று வருடம், அசெம்பிளியில் இரண்டு வருடம், பிறகு லீக் டெஸ்ட். அங்கேயே நிலைத்துவிட்டேன்.

ஸ்டியரிங் ராக் என்பது, காரின் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரங்கள் இரண்டையும் இடமோ வலமோ தள்ளுகிற நீளமான உறுப்பு. பார்ப்பதற்குத் தடித்த குழாய் போல இருக்கும். இரண்டு முனையிலும் மடிப்பு மடிப்பாக ரப்பர் உறை. பவர் ஸ்டியரிங் என்றால் உள்ளே எண்ணெய் அழுத்தத்தோடு ஓடும். எண்ணெய் கசிந்துவிட்டால் ஸ்டியரிங் கல்லாகிவிடும். தொப்பூர் கணவாய் வளைவில் ஒருவருக்கு அப்படி ஆனால் என்ன நடக்கும் என்று எங்கள் பயிற்சி வகுப்பில் படம் போட்டுக் காட்டுவார்கள்.

கசியாது என்று சான்று சொல்வதுதான் என் வேலை. ராக்கைப் பிடிமானத்தில் வைத்து இறுக்க வேண்டும். எண்ணெய் போகும் இரண்டு வாயிலும் காற்றுக் குழாயை மாட்ட வேண்டும். காற்றை ஏற்றி, வால்வை மூடிவிட்டு, அழுத்தமானியின் முள்ளையே முப்பது விநாடி பார்க்க வேண்டும். முள் அசையாவிட்டால் முத்திரை. என் முத்திரை எண் பதினேழு. ஒரு நாளைக்கு எத்தனை தடவை முப்பது விநாடி என்று கணக்குப் பார்த்தால் வாழ்க்கையே வெறுத்துவிடும் என்பதால் நான் பார்த்ததில்லை.

எங்கள் குவாலிட்டி மேலாளர் வரதராஜன் சார். குரலை உயர்த்தியே பேச மாட்டார். கடைநிலை ஊழியரையும் "வாங்க, போங்க" என்பார். சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு, கால்சட்டைப் பையில் நாலாக மடித்த வெள்ளைக் கைக்குட்டை. ராக்கில் எங்கேயாவது பளபளத்தால் கைக்குட்டையின் ஒரு மூலையை அதில் ஒற்றுவார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். பிறகுதான் பேசுவார். கசிவு என்ற சொல்லை அவர் யாரையும் பயன்படுத்த விட்டதில்லை. ஒற்றினால் கறை தெரிவது வியர்வை. ஒற்றாமலேயே தெரிவது ஈரம். கீழே விழுவது சொட்டு. இந்த மூன்றில் எது என்று தீர்மானித்துப் படிவம் எழுதி, அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது கசிவாகும்.

அவருடைய இன்னொரு பிடிமானம், நுழைவாயிலில் இருந்த பலகை. வாடிக்கையாளரிடமிருந்து புகார் வராத நாட்கள் எத்தனை என்று அதில் தினமும் எண்ணை மாற்றுவார்கள். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, அந்த வருடம் அது முந்நூறை நெருங்கிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை கார் கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு ஆள் வருகிறார்கள். அதற்கு முந்தைய சனிக்கிழமை காலை வரதராஜன் சார் என் மேஜைக்கு வந்து நின்றார். சுற்றிலும் பார்த்தார்.

"சங்கரலிங்கம், என் கார்ல கொஞ்சம் வியர்வை இருக்கு."

நான் ஏ.சி.யைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"ராக்ல," என்றார், இன்னும் குரலைத் தாழ்த்தி.

அவர் கார் வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதில் இருந்தது எங்கள் ராக். சர்வீஸ் சென்டருக்குப் போனால் வாரண்டியில் இலவசமாக மாற்றிக் கொடுப்பார்கள். ஆனால் சர்வீஸ் சென்டர் கார் கம்பெனிக்கு எழுதும். கார் கம்பெனி எங்களுக்கு எழுதும். அந்தக் கடிதம் வரதராஜன் சார் மேஜைக்கு வரும். தன் காரைப் பற்றித் தானே தனக்கு விளக்கம் எழுத வேண்டும். அதைவிட முக்கியம், பலகை பூஜ்யத்துக்குப் போய்விடும். ஆகவே நாளை ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டிலேயே ராக்கை மாற்றிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தார். "நீங்களும் மாதேஷும் வந்தா போதும்."

மாதேஷ் அசெம்பிளி ஃபிட்டர், தேன்கனிக்கோட்டைக்காரன். ராக்கைப் பிரித்துச் சேர்ப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஆனால் மேஜை மேல்தான். பதினெட்டு வருடமாக ராக் செய்கிற கம்பெனியில், அதைக் காரிலிருந்து கழற்றிய ஆள் ஒருவரும் கிடையாது. மாதேஷின் மச்சான் டிராக்டர் ரிப்பேர் ஷெட் வைத்திருந்தான். எங்களுக்கிருந்த தகுதி அவ்வளவுதான்.

புது ராக்கைக் கம்பெனியிலிருந்து எடுத்து வர முடியாது. கேட் பாஸில் காரணம் எழுத வேண்டும். எனவே சனிக்கிழமை மதியம் நானும் மாதேஷும் பைக்கில் பெங்களூர் போய், உதிரிபாகக் கடையில் எங்கள் கம்பெனி ராக் ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்பினோம். பெட்டி நீளமாக இருந்ததால் பின்னால் உட்கார்ந்து அதைக் குறுக்காகப் பிடித்திருந்தேன். எல்லையில் சோதனைச் சாவடி ஊழியர் ஒருவர் கை காட்டி நிறுத்தினார்.

"எங்க செஞ்ச சரக்கு?"

"ஓசூர்ங்க," என்றான் மாதேஷ்.

"எங்க போவுது?"

"ஓசூர்ங்க."

அவர் பில்லைப் பார்த்தார். சார் பெயரில் பில் வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் மாதேஷ் பெயரில் போட்டிருந்தோம். "இது கார் சாமானாச்சே. உன்கிட்ட கார் இருக்குதா?"

"இல்லைங்க. மொதல்ல ஸ்டியரிங் வாங்கிக்கறன். காரு மெல்ல வாங்கிக்கலாம்னு."

அவர் மாதேஷை ஏற இறங்கப் பார்த்தார். பெட்டியைத் திறக்கச் சொன்னார். ராக்கில் என் முத்திரை இருந்தது. பதினேழு. எங்கேயோ போய்ச் சுற்றிவிட்டு என் கைக்கே வந்திருந்தது. அந்த நிமிடம் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அவர் வேறு வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு, பாகலூர் சாலைப் பக்கம் இருந்த சார் வீட்டுக்குப் போனோம். கார் நிறுத்தும் இடத்துச் சுவரில் ஒரு பெரிய சார்ட் ஒட்டியிருந்தது. வேலைகள் வரிசை எண்ணோடு. செய்பவர், கருவி, சரிபார்ப்பு, கையெழுத்து என்று கட்டங்கள். கீழே "திருத்தம்: 2" என்று போட்டிருந்தது. முதல் திருத்தம் எப்போது நடந்தது என்று நான் கேட்கவில்லை.

சாருடைய மனைவி கமலா மேடம் மோர் கொண்டுவந்தார். பள்ளி ஆசிரியை. காரை அதிகம் ஓட்டுவது அவர்தான்.

"வியர்வைன்னு சொன்னாராப்பா உங்ககிட்ட? கீழ ஒரு தட்டு வைக்கிறேன். ரெண்டு நாளைக்கு ஒருதரம் நிறையுது. திருப்பினா மாடு கத்தற மாதிரி சத்தம். ஸ்கூல் வாட்ச்மேன் சத்தத்தக் கேட்டே கேட்டைத் திறந்துடறாரு."

சார் நோட்டில் எதையோ எழுதினார்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை. வீடு கட்டியபோது மிஞ்சிய கல் கட்டைகளின் மேல் பலகை வைத்து, காரை ஜாக்கியால் தூக்கி அவற்றின் மேல் இறக்கினோம். முன்சக்கரங்களைக் கழற்றினோம். ஸ்டியரிங்கை நேராக வைத்து, அது சுற்றிவிடாமல் சீட் பெல்ட்டால் கட்டினோம். டேஷ்போர்டுக்குக் கீழே ஸ்டியரிங் தண்டும் ராக்கும் சேருகிற இடத்தில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிட்டு போல்ட்டை எடுத்தோம். சக்கரத்தோடு ராக் சேரும் முனைகளைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வருகிறது என்று எண்ண வேண்டும். புதியதை அதே சுற்றில் ஏற்றினால்தான் சக்கரம் நேராக நிற்கும். சார் வாய்விட்டு எண்ணினார். நானும் எண்ணினேன். அவருக்கு இருபத்திரண்டு, எனக்கு இருபத்து மூன்று. இருபத்திரண்டரை என்று எழுதிக்கொண்டார். எண்ணெயை வடித்தோம், இரண்டு குழாய் இணைப்பையும் எடுத்தோம், ராக்கை இடதுபக்கச் சக்கர இடைவெளி வழியாக மெல்ல உருவினோம். ஒவ்வொன்றுக்கும் பிறகு எண்ணெய்க் கையோடு எழுந்து போய்ச் சுவரில் கையெழுத்துப் போட வேண்டும். வேலையில் பாதி நேரம் கை துடைத்ததுதான்.

பழைய ராக்கைத் துடைத்துப் பார்த்தேன். அதிலும் பதினேழு.

மதியத்துக்குள் புது ராக்கை மாட்டி, எண்ணெய் ஊற்றி, எஞ்சினைப் போடாமலேயே ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இருபது தடவை திருப்பிக் காற்றை வெளியேற்றினோம். பிறகு மேடம் எஞ்சினைப் போட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினார். மாடு கத்தவில்லை. "அப்பாடா," என்றார். உள்ளே போய் கேசரி கொண்டுவந்தார். சார் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டே மாதேஷ் குனிந்து பார்த்தான். வாயில் போட்டதை மெல்லாமல் அப்படியே நின்றான்.

"சார். சொட்டுதுங்க."

சார் கைக்குட்டையை எடுத்தார். அது தேவைப்படவில்லை. கருங்கல்லின் மேல் வட்டமாகச் சிவப்பு எண்ணெய். அடுத்த சொட்டு எங்கள் கண்முன்னே விழுந்தது.

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். எப்போதும் பேசுகிற அதே குரலில் சொன்னார். "ஒண்ணு கசிஞ்சா அது ஒரு ராக். வேற வேற நாள்ல வந்த ரெண்டும் கசிஞ்சா அது ராக் இல்ல. டெஸ்ட். நாளைக்குக் காலையில டெஸ்பாட்ச நிறுத்தறேன்."

"நாளைக்கு ஆடிட்டுங்களே சார்," என்றான் மாதேஷ்.

"அவங்க முன்னாடியே நிறுத்தறேன்."

ஒரு கசிவை மறைக்க எங்களைப் பெங்களூர் வரைக்கும் அனுப்பிய மனிதர் இவர். இரண்டு என்றதும் பலகையை மறந்துவிட்டார். எங்கிருந்து சொட்டுகிறது என்று பார்க்க நான் காருக்கு அடியில் நுழைந்து படுத்திருந்தேன். என் முகத்துக்கு ஒரு முழம் மேலே பதினேழு என்ற எண். அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும்.

ஒரு வருடத்துக்கு முன் கம்பெனி பஸ் கிளம்பும் நேரத்தை மாற்றியிருந்தார்கள். ஷிப்ட் முடிந்து கை கழுவி ஓடினால், உட்கார இடம் கிடைக்காது. வீடு வரைக்கும் நின்றுகொண்டே போக வேண்டும். காலையிலிருந்து நின்று வேலை செய்பவனுக்கு அந்த இடம் பெரிது. அதனால் கடைசி அரை மணி நேரம் வரும் ராக்குகளுக்கு நான் முப்பது விநாடி வைப்பதில்லை. பதினைந்துதான். முள் அசைகிற ராக் பதினைந்திலேயே அசைந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"சார்," என்றேன், அடியில் இருந்தபடியே. எழுந்து முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை. "கடைசி அரை மணி நேரம் நான் பதினஞ்சு விநாடிதான் வைக்கிறேன்."

மாதேஷின் செருப்பு ஒரு பக்கமும் சாரின் செருப்பு இன்னொரு பக்கமும் தெரிந்தன.

"எத்தனை நாளா?"

"ஒரு வருஷமா."

"தினமுமா?"

"தினமும் சார். பஸ்ல சீட்டுக்காக."

சாருடைய செருப்பு நகரவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மகள் பிளஸ் டூ படிக்கிறாள், வேலை போனால் சங்கரன்கோவில் திரும்பி என்ன செய்வது என்றெல்லாம் ஓடியது. மாதேஷ்தான் பேசினான்.

"சார், எங்க மச்சான் டிராக்டர்ல எண்ண ஒழுவுனா மொதல்ல மண்ணெண்ணெயில கழுவிட்டு, மேல மண்ணு தூவி உடுவாருங்க. எங்கிருந்து நனையுதுன்னு தெரியுமுங்க. பாத்துரலாமுங்களா?"

"ராக் மேல மண்ணா?" என்றார் சார். அந்த நிலையிலும் அவருக்கு அது பொறுக்கவில்லை.

மேடம் முகப்பவுடர் டப்பாவைக் கொண்டுவந்தார். தட்டினால் ஒரு ரப்பர் உறைக்குத்தான் போதுமானதாக இருந்தது. மறுபடி உள்ளே போய்ப் பூஜை அறையிலிருந்து விபூதிப் பொட்டலத்தைக் கொண்டுவந்தார்.

"அது வேண்டாம் கமலா," என்றார் சார்.

"ஏன், அதுக்கும் கேட் பாஸ் வேணுமா? சாமி ஒண்ணும் சொல்லாது. பூசுங்கப்பா."

மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் உலரத் துடைத்து, ராக்கின் முழு நீளத்துக்கும் அதற்கு மேலே போகும் குழாய்களுக்கும் விபூதி பூசினேன். மேடம் எஞ்சினைப் போட்டார். ஸ்டியரிங்கை இடக்கோடிக்குத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். டார்ச்சை அடித்துக்கொண்டு நான் ராக்கையே பார்த்தேன். வெள்ளை. வலக்கோடி. வெள்ளை. முப்பது விநாடி என்ன, மூன்று நிமிடம் பார்த்தேன். ராக் அப்படியே வெள்ளையாக இருந்தது.

"அண்ணா, மேல பாரு," என்றான் மேலேயிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மாதேஷ்.

எண்ணெய் டப்பாவிலிருந்து இறங்கும் ரப்பர் குழாயில், இறுக்கும் வளையம் ரப்பரைக் கடித்துக் கீறியிருந்தது. அங்கிருந்து விபூதியில் ஒரு சிவப்புக் கோடு இறங்கியது. குழாயோடு வந்தது, வளைவில் நின்றது, உருண்டு ராக்கின் ரப்பர் உறையில் விழுந்தது, அதன் அடியிலிருந்து கல்லுக்குச் சொட்டியது. ராக்குக்கு ஒன்றுமில்லை. புதியதற்கும் இல்லை, பழையதற்கும் இல்லை. ஒரு அங்குலம் வெட்டிவிட்டு வளையத்தைத் திரும்ப இறுக்க மாதேஷுக்குப் பத்து நிமிடம் ஆனது.

மாதேஷ் சிரிக்க ஆரம்பித்தான். நிறுத்த முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். மேடம், செய்தித்தாளின் மேல் கிடந்த பழைய ராக்கைப் பார்த்து, "அப்ப இது?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, நிம்மதியும் வரவில்லை. அரை மணி நேரம் பொறுத்திருந்தால் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது. கசியாத ஒரு ராக்குக்காக நான் என்னையே காட்டிக்கொடுத்திருந்தேன்.

கை கழுவும்போது சார் பக்கத்தில் வந்தார். "நாளைக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வாங்க," என்றார். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை அவர் சொன்னபடியே தணிக்கைக்காரர்கள் முன்னால் டெஸ்பாட்சை நிறுத்தினார். "டெஸ்ட் நேரம் குறைந்திருக்கிறது" என்று எழுதினார். யார் குறைத்தார் என்று எழுதவில்லை. பதிவேட்டைப் பார்த்து, கடைசி அரை மணி நேரத்து ராக்குகளை எங்கள் கிடங்கிலிருந்தும் கார் கம்பெனிக் கிடங்கிலிருந்தும் திரும்ப எடுக்க வைத்தார். வண்டிகளில் ஏற்கெனவே ஏறிவிட்டவற்றை சர்வீஸின்போது பார்க்கச் சொல்லிக் கடிதம் போட்டார். நுழைவாயிலுக்குப் போய்ப் பலகையில் பூஜ்யத்தைத் தன் கையாலேயே மாட்டினார்.

திரும்பி வந்த ராக்குகளை மூன்று நாள் நான் மறுபடி டெஸ்ட் செய்தேன். பக்கத்தில் நாற்காலி போடாமல், கையில் ஸ்டாப்வாட்சோடு அவர் நின்றார். நான் நின்ற நேரமெல்லாம் அவரும் நின்றார். ஒவ்வொன்றாக எல்லாம் சரியாக இருந்தன. நான் மனதுக்குள் நிமிர ஆரம்பித்திருந்தேன். மூன்றாம் நாள் பிற்பகல் ஒரு ராக்கில் பதினைந்து விநாடி முள் அசையவில்லை. இருபது விநாடி அசையவில்லை. பிறகு மெல்ல இறங்கியது. அவர் ஸ்டாப்வாட்சை நிறுத்தி என் முன் நீட்டினார். இருபத்திரண்டு.

அந்த ஒன்று மட்டும்தான். அதற்குப் பிறகு இயந்திரத்தில், முப்பது விநாடி முடியாமல் முத்திரை இறங்காதபடி ஒரு பூட்டு வந்தது. அடுத்த வாரம், கம்பெனி பஸ் இனி ஐந்து நிமிடம் தாமதமாகக் கிளம்பும் என்று அறிவிப்பும் வந்தது. என்ன காரணம் என்று யாருக்கும் தெரியவில்லை.

கசிந்த ராக் ஒன்று வண்டியில் ஏறாமல் தடுக்கப்பட்டதற்காகக் கார் கம்பெனி பாராட்டுக் கடிதம் அனுப்பியது. எங்கள் ஆலைத் தலைவருக்கு மகிழ்ச்சி. பரிசு கொடுத்தே ஆக வேண்டும் என்றார். பட்டியலில் என் பெயரைப் பார்த்துவிட்டு நான் வரதராஜன் சார் அறைக்கு ஓடினேன்.

"சார், இது எப்படி சார்?"

"கண்டுபிடித்தவர்னு படிவத்துல ஒரு கட்டம் இருக்கு. நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது. அதனால உங்க பேரு."

"ஆனா காரணமே நான்தானே சார்."

"காரணமானவர்னு கட்டம் இல்ல சங்கரலிங்கம்," என்றார். "நான் தேடிப் பார்த்துட்டேன்."

கேண்டீனில் கூட்டம். ஆலைத் தலைவர் எனக்கு மாலை போட்டு ஒரு ஹாட் பாக்ஸ் கொடுத்தார். இவரைப் போல ஒவ்வொருவரும் இருக்க வேண்டும் என்றார். மைக்கை என்னிடம் நீட்டி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். ஹாட் பாக்ஸை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றேன். எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

"நான் அவசரப்பட்டுட்டேன். நேரம் முழுசா வைக்கல. அதான் அந்த ராக் தப்பிச்சுப் போச்சு. தப்பு என்னோடதுதான்."

ஆலைத் தலைவர், "பாருங்க, எவ்வளவு அடக்கம்," என்று சொல்லிக் கைதட்ட ஆரம்பித்தார். கேண்டீன் முழுக்கக் கைதட்டியது. பரிமாறுகிறவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார்கள். தட்டாமல் நின்றது இரண்டே பேர். ஒருவர் மாதேஷ். இன்னொருவர் வரதராஜன் சார்.